கல்லைப் பார்க்கும் முன் தளத்தைப் பாருங்கள்



2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் வந்து, ஆற்றோரம் இருக்கும் பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் புகுந்தது. இப்படி வெள்ளம் நின்ற வீடுகளில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாம், கதவைக் காயவைத்துவிடலாம். தரையின் சேதம் மட்டும் மெதுவாகத்தான் வெளியே வரும். டைல்ஸ் மேல் நடந்தால் டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஒரு நாள் நடுக்கூடத்தில் நான்கு டைல்ஸ் கூரைபோல மேலே எழும்பி நிற்கும்.

அந்த நேரத்தில்தான் தரை போடுகிறவர் மாதிரித் துண்டுகளோடு வருவார். "பழைய தரையை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே கூழாங்கல்லும் ரெசினும் கலந்து பூசிவிடலாம், கூடம் முழுக்க ஒரே தரை, இணைப்பே இருக்காது" என்பார். கையில் வாங்கிப் பார்த்தால் துண்டு அழகாகத்தான் இருக்கும். இந்தத் தரையை வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு வீட்டுக்கோ கடைக்கோ எப்போது தேர்ந்தெடுக்கலாம், எப்போது கூடாது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நன்றாகக் காயவைத்த சின்னக் கற்கள், இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருப்பவை. அவற்றோடு இரண்டு பொருட்களைக் கலந்தால் இறுகும் ரெசின். கலந்ததைத் தளத்தின் மேல் கொட்டி, கரணையால் அழுத்தித் தேய்த்து மட்டம் செய்கிறார்கள். கார்த்திகைக்குப் பிடிக்கிற பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரி ஒவ்வொன்றையும் வெல்லப்பாகு சுற்றிப் பிடித்திருக்கும், ஆனால் பொரிக்கும் பொரிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். இந்தத் தரையும் அப்படியே. கற்களை ரெசின் ஒட்டிப் பிடித்திருக்கும், நடுவில் நுண்ணிய துளைகள் இருக்கும். வீட்டுக்குள் போடும்போது அந்தத் துளைகளை மேலும் ரெசின் ஊற்றி அடைத்தால்தான் துடைக்க முடியும்.

பாலியூரித்தேன் என்கிற ரெசின் வகையை ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1937-இல் கண்டுபிடித்தார்கள். இதற்குப் பயன்படும் இன்னொரு வகையான எப்பாக்சியும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். ஆனால் கல் சில்லுகளைக் கலவையில் பிடித்துத் தரை போடும் யோசனை நமக்குப் புதிதில்லை. நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய மாடி வீடுகளில் மொசைக் தரை இருக்கிறதே, அதுவும் கல் சில்லுதான். அதில் சிமெண்ட் பிடித்திருக்கிறது, இதில் ரெசின் பிடிக்கிறது. மொசைக்கை மிஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். இதைத் தேய்ப்பதில்லை. என் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் விரிசலில்லாத மொசைக் தரை இருந்தால் அதன் மேல் எதையும் பூசாதீர்கள். மங்கிப்போயிருந்தால் மறுபடி பாலிஷ் போடச் சொல்லுங்கள். இன்னொரு தலைமுறைக்கு உழைக்கிற தரையை மூடுவது வீண் செலவு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாதிரித் துண்டில் கல்லின் நிறம், பளபளப்பு எல்லாம் தெரியும். உங்கள் வீட்டுத் தளம் தெரியாது. ரெசின் தரை பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் கீழே இருக்கும் தளத்தால்தான். நம் பக்கத்தில் அந்தத் தளத்துக்குப் பெரிய எதிரி ஓதம், அதாவது நிலத்திலிருந்து ஏறும் ஈரம்.

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரி இருக்கிறது, சங்கராபரணி ஓடுகிறது. ஏரியும் வாய்க்காலும் நெல் வயலும் சூழ்ந்த ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் நிலத்தடி நீர் மேலே ஏறும். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மணலும் செங்கல் ஜல்லியும் கொட்டி இடித்து, மேலே சிமெண்ட் பூசியிருப்பார்கள். அந்தத் தளத்தின் வழியே ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். சிவப்பு ஆக்சைடு தரையில் அது கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு போய்விடும். அதன் மேல் ரெசினை ஊற்றி அடைத்துவிட்டால் ஈரத்துக்குப் போக வழியில்லை. ரெசினுக்கு அடியில் தேங்கி, உப்போடு சேர்ந்து, கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். இன்னொரு வழியாகவும் அது போகும். தரையில் வழி அடைபட்ட ஈரம் பக்கச் சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடுகளில் சுவரின் அடிப்பக்கம் ஒரு முழம் உயரத்துக்குப் பூச்சு உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாகூர் மூலநாதர் கோயில் போன்ற சோழர் காலக் கற்றளிகளின் கல் தரையில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகத்தான் மண்ணின் ஈரம் வெளியேறுகிறது. பழைய கோயில் எதிலும் பிராகாரத்தை வழவழப்பாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஓதம் இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடிப் பாலித்தீன் தாளை வெறும் தளத்தின் மேல் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். டைல்ஸ் போட்ட தரையாக இருந்தால் ஒன்றிரண்டு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டுங்கள். சாயங்காலம் ஒட்டி மறுநாள் காலை, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ ஈரம் வருகிறது என்று அர்த்தம். கூடத்தில் ஒரு இடம், சமையலறைப் பக்கம் ஒரு இடம், வெளிச்சுவர் ஓரம் ஒரு இடம் என்று பார்ப்பது நல்லது. இதைப் பங்குனி வெயிலில் செய்தால் எந்தத் தளமும் காய்ந்ததாகத்தான் காட்டும். ஆகவே சோதனையை மார்கழியில் செய்யுங்கள், வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை உச்சி வெயிலில் கலவை கரணைக்கு அடங்காமல் சீக்கிரம் இறுகிவிடும். மழை நாளில் பாலியூரித்தேன் ஈரத்தோடு வினைபுரிந்து நுரைக்கும், வெளுக்கும். ஈரம் கண்டால் தளத்துக்கென்றே இருக்கிற ஈரத்தடுப்பு எப்பாக்சியை முதலில் பூச வேண்டும். அதுவும் தாங்காத அளவுக்கு ஓதம் இருந்தால் இந்தத் தரையை விட்டுவிட்டு, சிவப்பு ஆக்சைடுபோல ஈரத்தை வெளியே விடுகிற தரையாகப் போடுவதே சரி.

புதிதாகப் போட்ட கான்கிரீட் தளமாக இருந்தால் குறைந்தது 28 நாள் விட வேண்டும், மழைக்காலமானால் அதைவிட அதிகம். பழைய டைல்ஸ் மேல் பூசுவதாக இருந்தால் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் டைல்ஸைப் பெயர்த்து நிரப்பாமல் மேலே பூசுவது ஆடுகிற பல்லுக்கு மேல் தங்கம் கட்டுகிற வேலை. தளத்தில் இருக்கும் விரிசல் மேலே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே விரிந்தால் மேலேயும் விரியும். கட்டடத்தில் இணைப்பு விட்டிருக்கும் இடங்களில் ரெசின் தரையிலும் இணைப்பு விட்டாக வேண்டும். "இணைப்பே இருக்காது" என்கிற விளம்பரம் அந்த அளவுக்குத்தான் உண்மை.

ஒரு கணக்கும் சொல்கிறேன், இது உங்கள் கையில் இருந்தால் ஏமாற மாட்டீர்கள். 15 மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்டால் 100 சதுர அடிக்குச் சுமார் 230 கிலோ கல் வேண்டும். கல்லின் எடையில் ஏறக்குறைய ஏழு சதவிகிதம் ரெசின், அதாவது 16 கிலோ. துளை அடைக்கும் ரெசின் இதில் சேராது. 100 சதுர அடிக்குப் பத்து கிலோ டப்பாவோடு ஒருவர் வந்து நின்றால், மீதி எங்கே என்று கேளுங்கள். ரெசின் குறைந்தால் ஆறே மாதத்தில் கல் உதிரும். கல்லும் சூளையில் காயவைத்து மூட்டையில் அடைத்ததாக இருக்க வேண்டும். வாசலில் குவித்த ஈரக் கல்லையோ ஆற்றில் அள்ளியதையோ கலந்தால் ஒட்டாது.

வெளிமுற்றத்துக்கு இதைப் போடச் சொல்லும்போது, "மழைத்தண்ணீர் அப்படியே கீழே இறங்கிவிடும்" என்பார்கள். தரையில் துளை இருப்பது உண்மைதான். ஆனால் அடியில் சிமெண்ட் தளம் இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே எங்கே போகும்? துளைகளுக்குள்ளேயே நின்று பாசி பிடிக்கும். தண்ணீர் மண்ணுக்குள் போக வேண்டுமானால் அடியில் மணல் கலக்காத ஜல்லி அடுக்கும், அதன்மேல் தண்ணீர் இறங்கும் தளமும் வேண்டும். இல்லையென்றால் நல்ல வாட்டம் கொடுத்து ஓரத்தில் வடியவிட வேண்டும். என்னைக் கேட்டால், கிணறும் போரும் உப்பாகிவரும் கடலோரக் கொம்யூன்களில் முற்றத்து மண்ணை மூடாமல் விடுவதே நல்லது. நடக்க ஒரு பாதை மட்டும் போதும். வெயில் படும் இடத்துக்கு எப்பாக்சி வேண்டாம், மஞ்சளாகிவிடும். அலிபாட்டிக் வகைப் பாலியூரித்தேன்தான் நிறம் மாறாமல் தாங்கும். மாதிரித் துண்டைப் பாதி அட்டை கட்டி மொட்டைமாடியில் ஒரு மாதம் போட்டு வையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நிறம் மாறியிருந்தால் உங்களுக்கே தெரியும். கறுப்புக் கல் வேண்டாம், செருப்பில்லாமல் நடக்கிற வீட்டில் உச்சிவேளையில் கால் சுடும்.

வீட்டில் நம் பழக்கங்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வாசற்படிக்கு முன்னால் மூன்றடியாவது சிவப்பு ஆக்சைடோ கடப்பைக் கல்லோ விடுங்கள். துளையுள்ள கல் தரையில் கோல இழை நிற்காது, அரிசி மாவு துளைக்குள் போய் எறும்பு வரும். பூஜை அறையிலும் விறகடுப்பு இருக்கும் இடத்திலும் இந்தத் தரை கூடாது. கற்பூரமும் தணலும் விழுந்தால் ரெசின் கருகும். கார்த்திகை விளக்கைத் தரையில் நேராக வைக்காமல் தட்டின் மேல் வையுங்கள். தரை 15 மில்லிமீட்டர் உயர்ந்தால் கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், குளியலறை மட்டத்தையும் முன்பே பார்க்க வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுத் திண்ணைக்கும் சாய்தளத்துக்கும் மட்டும் நான் தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன். ஈரக்காலோடு நடந்தாலும் பளபளப்பு டைல்ஸ்போல வழுக்காது.

கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை. துணிக்கடை, மண்டப முகப்பு, விற்பனைக்கூடம் இவற்றுக்கு இது பொருந்தும். மீன் கடைக்குப் பொருந்தாது, துளைக்குள் போன கழிவு வெளியே வராது. சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் கொதிக்கும் கஞ்சி கொட்டும். சாதாரண எப்பாக்சி அந்தச் சூட்டில் இளகும். அங்கே பாலியூரித்தேனும் சிமெண்டும் சேர்ந்த வகைதான் தாங்கும். மருந்து தயாரிக்கும் இடங்களுக்கு, தரை வழவழப்பாகவும் விரிசலின்றியும் எளிதில் துடைக்கும்படியும் இருக்க வேண்டும் என்று மருந்து விதிகளின் அட்டவணை 'எம்' சொல்கிறது. அங்கே கல் தெரியும் தரையே வேண்டாம், வழவழப்பான எப்பாக்சியைத் தரையும் சுவரும் சேரும் மூலையில் வளைத்து ஏற்றிப் போடுகிறார்கள். சிறு மருத்துவமனை நடத்துகிறவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள்.

இந்த வேலையைச் செய்ய வரும் சித்தாள்களையும் மறக்காதீர்கள். எப்பாக்சி ஹார்டனர் தோலில் பட்டால் சிலருக்கு வாழ்நாள் முழுக்க ஒவ்வாமை வந்துவிடும். பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவைத் தரும். கையுறை, ஜன்னல் திறந்த காற்றோட்டம் இரண்டும் இருக்கின்றனவா என்று வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டும். கையைத் தின்னரால் கழுவ விடாதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் இழுத்துச் செல்லும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வாடை போகும்வரை உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

ஒப்பந்தம் பேசும்போது ரெசினின் வகை, கனம், ஈரத்தடுப்புப் பூச்சு உண்டா என்பது ஆகிய மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். கூலியில் ஒரு பங்கை ஒரு கார்த்திகை மழை கழிந்த பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்கு ஒப்புக்கொள்வார். வேலை முடிந்ததும் காலி டப்பாக்களை அவர்களையே எடுத்துப்போகச் சொல்லுங்கள். மூடி நன்றாக இருக்கிறதே என்று எடுத்து வைத்து அதில் குடிதண்ணீரோ மாட்டுத் தீவனமோ பிடித்துவைக்காதீர்கள். மிச்சக் கலவையை வாய்க்காலில் ஊற்றாமல், டப்பாவிலேயே இறுகவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.