வாத்தும் கோழியும்: ஒரே தோட்டம், இரண்டு கூடு



வீட்டுத் தோட்டத்தில் நாலு கோழி வளர்ப்பவர்கள், கூடவே வாத்தும் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? சந்தையில் வாத்துக் குஞ்சு அழகாக இருக்கிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கிவிடுகிறோம். கோழிக்கூடு இருக்கிறது, கோழித் தீவனம் இருக்கிறது, அதோடு இதுவும் வளரட்டும் என்று விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கால்நடை மருத்துவராக நான் பணியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் ஓர் அம்மா கூடையோடு வந்தார். பத்து வாத்துக் குஞ்சுகளில் ஏழு செத்துவிட்டன. மீதி மூன்றும் தலை தொங்கிக் கிடந்தன. "சார், கோழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாத்துக் குஞ்சு மட்டும் வரிசையா சாகுது. பக்கத்து வீட்டுக்காரங்கதான் எதையோ வெச்சிருக்காங்க" என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், விஷயம் ஊர்ப் பெரியவர்கள் வரைக்கும் போயிருந்தது.

"என்ன தீவனம் போடுறீங்க?" என்று கேட்டேன். "கோழிக்குப் போடுறதுதான் சார். தவிடும் கடலைப்புண்ணாக்கும்." அந்தச் சாக்கைக் கொண்டுவரச் சொன்னேன். ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சாக்கு. அடியில் கைவிட்டால் புண்ணாக்கு கட்டி கட்டியாக வந்தது, மேலே பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. விஷம் பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லைங்க. அவர் வீட்டுச் சாக்கிலேயே இருந்தது.

அந்தப் பூசண நச்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. காரணம் தேடிப் போனபோதுதான், தீவனத்தில் கலந்த பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கில் இந்த நச்சு இருப்பது தெரியவந்தது. கோழி ஓரளவு தாங்கும் அளவை வாத்துக் குஞ்சு தாங்காது. இந்த நச்சு வெயிலில் காயவைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. பூசணம் பிடித்த தீவனத்தை எந்தப் பறவைக்கும் போடாமல் அப்புறப்படுத்துவதுதான் வழி. சாக்கைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் சாய்க்காதீர்கள். பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். பதினைந்து நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வாத்து என்பது அகலமான அலகு வைத்த கோழி அல்ல. அது வேறு பறவை. அதன் தேவை வேறு என்று தெரிந்துகொண்டால், இரண்டையும் ஒரே தோட்டத்தில் நிம்மதியாக வளர்க்கலாம்.

முதலில் தண்ணீர். கோழிக்குக் குடிக்க மட்டும் தண்ணீர் போதும். வாத்துக்கு நீந்தக் குளம் தேவையில்லை, ஆனால் தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டி போதும். அது அலகால் அலம்பி அலம்பிச் சுற்றிலும் சேறாக்கிவிடும். அந்த ஈரம் கோழிக்கூட்டுக்குள் வந்தால் கோழிக்கு ஆபத்து. ஈரத் தரையில்தான் இரத்தக் கழிச்சல் பரவுகிறது. ஆகவே வாத்துத் தொட்டியைக் கோழிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம், வாழை மரத்தடியில் வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்றும்போது பழைய தண்ணீர் வாழைக்குப் போகும். எச்சம் கலந்த தண்ணீர், வாழைக்கு நல்ல உரம்.

அடுத்து கூடு. கோழி கழியில் ஏறி உட்கார்ந்து தூங்கும். வாத்து தரையில் படுக்கும். இரண்டையும் ஒன்றாக அடைத்தால் கோழி எச்சம் ராத்திரி முழுக்க வாத்தின் முதுகில் விழும், வாத்தின் ஈரம் கோழிக்குப் போகும். நடுவில் ஒரு தடுப்பு வைத்தாலே போதும். இரவுக் கூட்டில் ஒரு வாத்துக்கு 3 முதல் 4 சதுர அடி இடம் கொடுங்கள். தரையில் உமியோ வைக்கோலோ பரப்பி, நனைந்தால் மாற்றுங்கள். கீரி, நாய் நுழையாதபடி கதவு இருக்கட்டும்.

வாத்தைக் காலை 9 மணிக்கு முன்னால் திறந்து விடாதீர்கள். பெரும்பாலான வாத்துகள் விடியற்காலையில் முட்டையிடும். சீக்கிரம் திறந்துவிட்டால் புதரில் இட்டுவிட்டு வந்துவிடும். 'எங்க வாத்து முட்டையே வைக்கல' என்று சொல்பவர்கள் முதலில் வேலியோரம் தேடிப் பாருங்கள்!

தீவனத்தில் இன்னொன்று. உலர்ந்த தூளாகப் போட்டால் வாத்துக்குத் தொண்டையில் அடைக்கும். தண்ணீர் தெளித்துப் பிசைந்து போடுங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு தின்னுமோ அவ்வளவு மட்டும் பிசையுங்கள், மிச்சம் புளித்துப் பூசணம் பிடிக்கும். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகம் தேவை. அது குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் போடுகிறவர்கள், எதைச் சேர்க்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குஞ்சுகளைப் பற்றிச் சொல்லும்போது அடைக்கோழியை மறக்க முடியுமா? வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது நம் ஊர் வழக்கம். கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். அதனால் இரண்டையும் ஒரே அடையில் கலந்து வைக்காதீர்கள். கோழிக்குஞ்சு பொரித்ததும் தாய் எழுந்து போய்விடும், வாத்து முட்டை வீணாகும். பொரித்த வாத்துக் குஞ்சுகளை முதல் சில வாரம் ஆழமான தண்ணீரில் விடாதீர்கள். தாய் வாத்து இல்லாத குஞ்சின் பஞ்சு நனைந்துவிடும், குளிரில் செத்துப்போகும். கோழிக்குஞ்சையும் வாத்துக் குஞ்சையும் ஒரே பெட்டியில் வளர்க்கவும் வேண்டாம். வாத்துக் குஞ்சு சிந்தும் தண்ணீரில் நனைந்து கோழிக்குஞ்சு விறைத்துவிடும்.

ஆண் வாத்துக்கு ஐந்து ஆறு பெட்டை என்பது கணக்கு. பெட்டை போதாவிட்டால் ஆண் வாத்து கோழிகளைத் துரத்தி மிதிக்கும், கோழிக்கு மோசமான காயம் ஏற்படும். முட்டை மட்டும் போதும் என்றால் ஆண் வாத்தே வேண்டாம், பெட்டை தானாகவே முட்டையிடும். வாலின் மேல் ஒரு இறகு சுருண்டு நின்றால் அது ஆண். உரக்கக் கத்துவது பெட்டை. பிடிக்கும்போது கோழியைப் போலக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வாத்தின் கால் மெலிந்தது, எளிதில் முறியும். இரண்டு கையாலும் உடம்பை அணைத்துத் தூக்குங்கள்.

தோட்டத்துக்கு என்ன லாபம் என்பீர்கள். வாத்து கோழியைப் போல மண்ணைக் கிளறாது. நத்தையைத் தேடித் தேடித் தின்னும். ஆனால் இளம் கீரையையும் விடாது, அகலப் பாதத்தால் நாற்றை மிதித்துவிடும். அதனால் செடி ஓரளவு வளர்ந்த பிறகு உள்ளே விடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது நோய். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் வாத்தை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் நன்றாக இருக்கும் வாத்திடமிருந்தே கோழிக்கு அந்த நோய் வரலாம். எனவே வாத்து வைத்திருப்பவர்கள் கோழிக்குத் தடுப்பூசியைத் தவறவிடவே கூடாது. முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். வாத்துக்கும் வாத்து பிளேக் என்ற தனி நோய் உண்டு, அதற்குத் தனித் தடுப்பூசி உண்டு. உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

பறவைக் காய்ச்சலும் அப்படித்தான். 2014-லும் 2021-லும் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் அது வாத்துகளில் வந்தது. திடீரென்று பல பறவைகள் சேர்ந்து செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், விற்காதீர்கள், வாய்க்காலில் எறியாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் போனை இதற்குப் பயன்படுத்துங்கள். தடுப்பூசித் தேதிக்கு அதில் நினைவூட்டல் வையுங்கள். நோய்ப்பட்ட பறவை நடப்பதை ஒரு நிமிட வீடியோ எடுங்கள், எச்சத்தையும் தீவனத்தையும் படம் எடுங்கள். மருத்துவருக்கு அது பாதி விடையைச் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் மருந்து அளவை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் வீட்டில் மிஞ்சிய மூன்றில் இரண்டு பிழைத்தன. புண்ணாக்குச் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசினாராம். உங்கள் வீட்டில் பறவை செத்தால், யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் முதலில் தீவனச் சாக்கின் அடியில் கைவிட்டுப் பாருங்கள்.