ஓடும் வண்டிக்கே உயிர்

கண்டியிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளையில், முத்துமாரியம்மன் கோவிலின் தேர்கள் ஆண்டுக்கு ஒரு முறையே வீதிக்கு வருகின்றன. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் பவனி வரும் காட்சியைக் காண மலைநாடெங்கணுமிருந்து மக்கள் திரள்வர். விழா முடிந்ததும் தேர்கள் நிலைக்குத் திரும்பும். மறு திருவிழா வரை அசைவதில்லை. அதனால் தேருக்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. தச்சர் வந்து அச்சையும் சில்லையும் பார்த்து, வடத்தையும் பூட்டிவிட்டால் தேர் நகரும். ஏனெனில் அதை இழுப்பது மக்களின் கை.

கண்டி மாநகரிலும் அதன் சுற்றூர்களிலும் வேறொரு வகைத் தேர்களும் உண்டு. பேராதனை வீதியிலோ அம்பிட்டியாவிலோ, கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ, ஏதேனும் ஒரு வீட்டின் முன்றிலில் துணி போர்த்தி நிற்கும் பழைய மோட்டார் வண்டிகளே அவை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், போர்ட் அங்கிலியா, ஹில்மன் மிங்ஸ், பேஜோ 203, வோக்ஸ்வாகன் என்று அவற்றின் பெயர்களைச் சொல்லும்போதே முதியோர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். இவற்றை வைத்திருப்போர் எல்லோரும் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியவராகின்றனர். வண்டியை ஆண்டில் எத்தனை நாள் வெளியே எடுப்பது? தேரைப்போல் ஒரு நாளா? மாதம் ஒரு நாளா? அன்றி, நாள்தோறுமா?

இக்கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் செல்வரின் பொழுதுபோக்குப் பற்றியது போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், ஒரு பொருளைக் காப்பதென்றால் என்ன என்னும் பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

முதலில், இவ்வளவு பழைய வண்டிகள் இந்நாட்டில் எவ்வாறு நிலைத்தன என்பதைக் காண்போர் சற்று வரலாற்றைப் புரட்ட வேண்டும். ஆள்பதி எட்வர்ட் பான்ஸ் காலத்தில், கடுகண்ணாவைக் கணவாயின் பாறையைக் குடைந்து கொழும்பு - கண்டிப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. அதனை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. அந்தத் தெருவில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஏறின. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி ஏறியது. தோட்டத் துரைமாரும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும், 1952இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் மோட்டார் வண்டிகளை வாங்கினர்.

பின்னர் 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நாட்டை நெருக்கியது. வெளிநாட்டிலிருந்து மோட்டார் வண்டிகளைக் கொண்டுவருவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரக் கதவு திறக்கப்படும் வரை, இருக்கும் வண்டியே வண்டி என்னும் நிலை நீடித்தது. தகப்பன் வாங்கிய வண்டியை மகன் ஓட்டினான். உதிரிப் பாகம் கிடைக்காதபோது கராஜ்காரர் அதைக் கடைசல் பட்டறையில் செய்துகொண்டார். பித்தளைப் புதுக்குழல் வார்ப்பதும், உடைந்த சட்டத்தை ஒட்டுவதும், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொரு வண்டிக்குப் பொருத்துவதும் ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தன. வறுமை வளர்த்த அந்தத் திறமைதான் இவ்வண்டிகளைக் காத்தது, செல்வம் அன்று.

அத்திறமை கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், நீண்ட காலம் உழைக்கும் வண்டியே சிக்கனமானது என்று வாதிட்டவர். அவருடைய முயற்சியோடு இலங்கையில் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. பிறந்த நாட்டு வண்டிக்கு, அது புகுந்த நாடு உறுப்புத் தந்த கதை இது.

மொறிஸ் மைனரின் வரலாறும் அறியத் தக்கது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் வெளிவந்தது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானிய மோட்டார் வண்டியும் இதுவே. 1956இல் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் இதற்குப் பூட்டப்பட்டன. எளிய அமைப்பு, மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும்.

இவ்வண்டிகளின் இலக்கத் தகடுகளும் சரித்திரம் பேசும். மிகப் பழையன ஆங்கில எழுத்துக்களைத் தாங்கியிருக்கும். 1950களின் பிற்பகுதியில் வந்தவை சிங்கள 'சிறி' எழுத்தைத் தாங்கியவை. அவ்வெழுத்தைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துத் தமிழ் மக்கள் போராடியதும், தகடுகளில் தார் பூசப்பட்டதும், அதன் பின் வந்த கசப்பும் நாடறிந்தவை. ஒரு முன்றிலில் துணி போர்த்தி நிற்கும் வண்டி, ஒரு குடும்பத்தின் நினைவை மட்டுமன்றி, ஒரு நாட்டின் நினைவையும் சுமந்து நிற்கிறது. ஆதலின் அதைக் காப்பது வீண் வேலையன்று.

எப்படிக் காப்பது என்பதில்தான் உலகம் பலவாறாகப் பிரிகிறது. 1940இல் இலங்கையில் கடற்படை அதிகாரியாக இருந்த இளவரசர் பிலிப், 12 பவுணுக்கு ஒரு பழைய ஸ்ராண்டர்ட் வண்டியை வாங்கினார். 1935ஆம் ஆண்டின் அவ்வண்டி கொழும்புக் காலிமுக விடுதியில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டுள்ளது. ஆண்டில் அதன் ஓட்டம் சுழியம் எனலாம். இங்கிலாந்திலோ, 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரை வரை ஏறத்தாழ அறுபது மைல் ஓடுகின்றன. 1896இல் மோட்டார் வண்டிகளுக்குக் கிடைத்த விடுதலையை நினைவூட்டும் ஓட்டம் அது.

சட்டமும் இக்கேள்வியுள் நுழைந்திருக்கிறது. 1966இல் தோன்றிய அனைத்துலகப் பழைய வாகனக் கூட்டமைப்பு, முப்பது ஆண்டு கடந்து, உரிய நிலையில் காக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியையே வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. இந்தியாவில் 2021இல் வந்த விதிகள், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவளித்து, கண்காட்சி, பவனி, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டும் வீதிக்கு வர இடமளிக்கின்றன. நாள்தோறும் ஓட்டுவதற்கு இடமில்லை. இவ்வரையறைகளை நோக்கின், பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒரு கண்டி மொறிஸ் மைனர் வரலாற்று வாகனமே அன்று! ஆனால் அதை ஓட்டுபவரைக் கேட்டால், வரலாறு ஓடிக்கொண்டிருப்பதாலேயே அது இன்னும் உயிரோடிருக்கிறது என்பார்.

கண்டிப் பகுதியில் இவ்வண்டிகளை வைத்திருப்போரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒரு சாரார் அதையே அன்றாட வாகனமாகக் கொண்டவர். மற்றொரு சாரார் கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவோர். முகூர்த்த மாதங்களில் அவ்வண்டிகளுக்கு ஓய்வில்லை, மற்ற மாதங்களில் ஓட்டமில்லை. மூன்றாம் சாரார், கீறல் விழுமோ என்று அஞ்சி, ஆண்டில் ஒரு நாள் இரண்டு நாள் மட்டும் துணியை நீக்குவோர். இம்மூவருள் கராஜுக்கு அதிகம் செலவழிப்பவர் மூன்றாமவர் என்றால் வியப்பாயிருக்கும். காரணம் உண்டு.

நிற்கும் வண்டி சும்மா நிற்பதில்லை, உள்ளே தேய்கிறது. இயந்திரத்தின் சுவர்களில் படிந்திருந்த எண்ணெய் மெல்ல வடிந்துவிட, ஈரக் காற்று இரும்பைத் தீண்டுகிறது. கண்டியின் மழையும் மூடுபனியும் இதற்குத் துணை செய்கின்றன. கடற்காற்றின் உப்பு இங்கு எட்டாதென்பது உண்மை. ஆனால் ஈரம் குறைவதில்லை. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. அந்நீர் சிலிண்டருக்குள் துருவை விளைவிக்க, சில்லு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பெற்றோல் ஆவியாகி, பிசினாக மாறிக் கார்புறேற்றரின் நுண்ணிய துளைகளை அடைக்கிறது. பற்றறி தானாகவே சக்தி இழக்கிறது. ஒரே இடத்தில் பாரம் தாங்கிய ரயர் தட்டையாகிறது. இவை போதாவென்று எலி வந்து மின்கம்பியைக் கடிக்கிறது.

இதற்கு மாற்றாக, வாரந்தோறும் ஐந்து நிமிடம் இயந்திரத்தை முடுக்கி நிறுத்துவோர் உண்டு. அது நன்மை செய்வதாக நினைத்துத் தீமை செய்வதாகும். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இயந்திரம் நன்கு சூடேறினால்தான் அது வெளியேறும். அரைச் சூட்டில் நிறுத்தினால், அந்நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கி அரிக்கத் தொடங்கும். ஆகவே, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும், அரை மணி நேரமேனும், வீதியில் ஓட்டிச் சூடேற்றுவதே முறை என்பது பழுது பார்ப்போர் கூறும் அறிவுரை. அவ்வாறு ஓட்டினால் ஆண்டில் இருபத்தாறு ஓட்டம் வரும்.

கண்டியிலிருந்து கடுகண்ணாவை ஏறத்தாழ 16 கிலோமீற்றர். போய் வந்தால் 32. இருபத்தாறு முறை போய் வந்தால் 832 கிலோமீற்றர். மலைப் பாதையில் ஒரு லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஆண்டுக்கு வேண்டிய பெற்றோல் 83 லீற்றர்.

இவ்வோட்டத்துக்கு நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டும். நகரின் நெரிசலில், ஏரிக்கரை வீதியில், ஊர்ந்தும் நின்றும் செல்வது கிளச்சுக்கும் றேடியேற்றருக்கும் பகை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலமே உகந்தது. கணவாயைக் கடந்து மாவனெல்லைப் பக்கம் இறங்குவோர், ஏறும்போது எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். பழைய வண்டியின் பிறேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். ஈயம் கலந்த பெற்றோல் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நீங்கிவிட்டமையால், பழைய இயந்திரத்தை நெடுநேரம் வேகமாக விரட்டுவது வால்வு இருக்கைகளைத் தேய்க்கக்கூடும் என்பதும் நினைவிருக்க வேண்டும். முதியவரை நடக்க வைக்கலாம், ஓட வைக்கலாகாது.

இக்கணக்குகள் எல்லாம் 2022ஆம் ஆண்டில் வேறொரு பொருள் பெற்றன. அவ்வாண்டு நாடு எரிபொருளின்றித் தவித்தது. மக்கள் இரவு பகலாக வரிசையில் காத்து நின்றனர். யூலை மாதத்தில் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று ஒதுக்கீடு செய்யப்பட்டது. நாள்தோறும் உழைத்துக் குடும்பம் காக்கும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கு 5 லீற்றர். துணி போர்த்தி நிற்கும் வண்டிக்கும் 20 லீற்றர் பெறும் உரிமை! ஊர் தவிக்கும்போது, ஓட்டத் தேவையில்லாத வண்டிக்குப் பெற்றோல் ஊற்றுவது முறையா என்னும் கேள்வி எழுவது இயற்கையே. பழைய இயந்திரம் புதியதைவிட மிகுதியாகப் புகை கக்கும் என்பதும் மறுக்கத் தக்கதன்று.

ஆனால் அதே காலம் மற்றொரு பாடத்தையும் புகட்டியது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அது மீளத் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து ஆண்டுகள் நாடு மீண்டும் 1960களின் நிலைக்கே திரும்பியது. இருக்கும் வண்டியே வண்டி என்னும் நிலையில், பழையதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளின் அருமை விளங்கிற்று. ஆண்டு முழுவதுக்கும் வேண்டிய 83 லீற்றர், அன்றைய நான்கு வார ஒதுக்கீட்டைவிடச் சற்றே கூடியது. ஊரின் துயரத்தைக் கூட்டாமல், மரபையும் விடாமல் காக்க, அளவறிந்த ஓட்டமே போதுமென்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் காப்புறுதிக்கும் கட்டும் பணம், வண்டி ஒரு நாள் ஓடினாலும் முந்நூறு நாள் ஓடினாலும் ஒன்றே. ஆயினும் ஓடாத வண்டியால் இழக்கப்படுவது பணம் மட்டுமன்று. வண்டி கராஜுக்கு வந்தால்தான் முதிய மெக்கானிக்குக்கு வேலை. அவருக்கு வேலை இருந்தால்தான் அருகே நிற்கும் இளைஞனுக்குப் பாடம். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே நோயறியும் அந்த வித்தை ஏட்டில் எழுதப்படவில்லை. மலைநாட்டுத் தோட்டப் பட்டறைகளிலும் நகரத்துக் கராஜ்களிலும், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட வித்தை அது. வண்டிகள் நின்றுவிட்டால், அவ்வித்தை முதியவரோடு போய்விடும். பின்னர் எவ்வளவு பொருள் கொடுத்தாலும் அதனை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய இயலாது.

ஆகவே, ஆண்டில் எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடை இதுவாகலாம்: நாள்தோறும் ஓட்டித் தேய்க்கவும் வேண்டாம், ஆண்டுக்கொரு நாள் எடுத்துக் காட்டிவிட்டுப் பூட்டவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு விடியற்காலை, இயந்திரம் சூடேறும் வரை, வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரை அருகே இருத்திக்கொண்டு, கடுகண்ணாவை வரை போய் வந்தால் போதும். பிள்ளை கியரின் ஒலியைக் கேட்கும். மூடியைத் திறந்து எண்ணெய் பார்க்கக் கற்கும். தேர் ஆண்டு முழுவதும் நிலையில் நின்றாலும், வடம் பிடிக்கும் ஊர் மாறாதிருப்பதால் மறு திருவிழாவில் அது ஓடுகிறது. மோட்டார் வண்டிக்கும் அதன் வடத்தைப் பிடிக்க அடுத்த கை வேண்டும்.