விக்கெட் கீறிய கரிக்குச்சி

தீர்ந்துபோன டோர்ச் பற்றரியைக் கல்லால் உடைத்துப் பார்க்காதவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. இரண்டு தட்டில் தகரம் விரியும். உள்ளே கறுப்பு மாவு, நடுவே விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி. மதிலில் விக்கெட் கீற அதைவிடத் தோதான சாமான் கிடையாது. கையும் சட்டையும் கறுத்துப்போய் அம்மாவிடம் ஏச்சு வாங்கியது தனிக்கதை.

அந்தக் குச்சி கரி. கரியின் இன்னொரு வடிவம்தான் காரீயம், பென்சிலுக்குள் இருப்பது. பெயரில் ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே ஒழிய, அதில் ஈயம் துளியும் இல்லை. தமிழகத்தில் காரீயம் என்றால் ஈய உலோகத்தையே நினைப்பார்கள். நாங்கள் இலங்கையில் பள்ளிக்கூடப் புவியியலில் படித்த காரீயம் வேறு. சிங்களத்தில் அதை மினிரன் என்பார்கள். இன்றைக்குப் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கைத்தொலைபேசியில் இருப்பதை லித்தியம் பற்றரி என்கிறோம். நிறுத்துப் பார்த்தால் உள்ளே லித்தியத்தைவிடக் காரீயம்தான் பல மடங்கு அதிகம். மின்சாரக் கார் ஒன்றின் பற்றரியில் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். அங்கே அதற்கு என்ன வேலை? வெற்றிலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காரீயம் அப்படித்தான், தாள் தாளாக அடுக்கப்பட்ட கரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அந்தத் தாள்களுக்கு நடுவே போய் உட்காருகிறது, ஆறு கரி அணுவுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில். பாவிக்கும்போது எழுந்து மறுபக்கம் போகிறது. இப்படி ஆயிரம் தடவை வந்து போனாலும் அடுக்கு குலையாது. லித்தியம் விருந்தாளி என்றால் வீடு காரீயம். காரீயத்துக்குள் லித்தியம் இப்படிப் போய்த் திரும்பும் என்பதை 1980ஆம் ஆண்டளவில் செய்து காட்டியவர் மொரோக்கோவில் பிறந்த ரஷீத் யஸாமி.

மற்ற நாடுகளில் காரீயம் பாறைக்குள் செதில் செதிலாகக் கலந்து கிடக்கும். பாறையை அரைத்து, நீரில் மிதக்கவிட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். இலங்கையில் அப்படியில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு பாறை வெடிப்புகளுக்குள் கரி படிந்து, நரம்பு போல ஓடிக் கிடக்கிறது. வெட்டியெடுத்த கட்டியிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்துக்கு மேல் சுத்தக் கரி. இந்த நரம்புக் காரீயத்தை வணிக அளவில் எடுக்கும் நாடு உலகத்தில் இலங்கை மட்டும்தான். கேகாலை மாவட்டத்துப் போகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ, இரண்டும் பெயர்போன சுரங்கங்கள். கஹட்டகஹ ஏறக்குறைய 2000 அடி ஆழம். போகலவில் தளங்களைப் பாகக் கணக்கில் சொல்வது வழக்கம், எங்கள் மீனவர்கள் கடலாழம் சொல்கிற அதே பாகம். 200 பாகத்துக்கும் கீழே இறங்கியாகிவிட்டது.

இந்தக் கல்லால் ஒரு காலத்தில் ஆட்சியே நடந்தது என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் தகப்பனார் பணம் சேர்த்தது காரீயத்தில். மூன்றாவது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலவின் தாய்வழிச் சொத்தும் காரீயம்தான். முதலாம் உலகப் போரின்போது உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய எல்லோருக்கும் இது தேவைப்பட்டது. ஒரே ஆண்டில் 30,000 தொன்னுக்கு மேல் கப்பல் ஏறியது. போர் முடிந்தது, விலை விழுந்தது, மடகஸ்கார் மலிவாக விற்கத் தொடங்கியது. எத்தனையோ குழிகளில் தண்ணீர் நிறைந்தது. விலையைத் தீர்மானித்தது லண்டனும் நியூயோர்க்கும். குழியில் இறங்கியவனுக்கு அதில் பேச்சே இல்லை.

இன்று ஆண்டுக்கு எடுப்பது சில ஆயிரம் தொன். சரி, பற்றரிக் காலம் வந்துவிட்டது, இனி நமக்கு யோகம்தான் என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். நான் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3000 தொன் என்று வைத்துக்கொள்வோம். பற்றரிக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும்போது பாதி கழிந்துவிடும். மிச்சம் 1500. காருக்கு 60 கிலோ என்றால் 25,000 கார். பெரிய தொழிற்சாலை ஒன்று சில வாரங்களில் செய்து தள்ளுகிற தொகை. அளவில் போட்டிபோட நம்மால் ஏலாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

கல்லும் பற்றரியும் ஒன்றல்ல. நடுவே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. தூளை உருட்டி, மயிரிழையைவிட நுண்ணிய உருண்டைகளாக்க வேண்டும். 99.95 வீதம் சுத்தம் வேண்டும். மேலே கரிப்பூச்சு வேண்டும். உலகம் முழுவதற்குமாக இந்த வேலையில் பெரும்பங்கைச் சீனா செய்கிறது. 2023 டிசம்பரில் அந்த நாடு காரீய ஏற்றுமதிக்கு அனுமதிக் கட்டுப்பாடு போட்டதும் வாங்குகிற நாடுகள் எல்லாம் கலங்கிப்போயின. சுத்தப்படுத்த அங்கே வழக்கமாகப் பாவிப்பது ஹைட்ரோபுளோரிக் அமிலம், கண்ணாடியையே அரிப்பது. அதைக் கேகாலைக் கிணறுகளுக்குப் பக்கத்தில் கொண்டுவர எனக்குச் சம்மதமில்லை. நம்முடைய கல்லின் உண்மையான மதிப்பே இங்கேதான் என்பது என் எண்ணம்: பிறவியிலேயே சுத்தம், ஆகவே கழுவும் வேலை குறைவு. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகத்தில் இந்தக் காரீயத்தைச் சுத்தப்படுத்தி, லித்தியம் பற்றரியில் வைத்துப் பரிசோதித்து, முடிவுகளையும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆய்வுகூடத்து மேசையிலிருந்து தொழிற்சாலைக்குப் போகிற பாதைதான் இன்னும் போடப்படவில்லை.

பற்றரிக்கு வேலையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? கடைகளும் தொழிற்சாலைகளும் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது. வந்த மின்சாரத்தை வைக்க இடமில்லை. அன்று இரவு விளக்குப் போட வழக்கம்போல எண்ணெயும் நிலக்கரியும் எரித்தோம்.

எங்கள் வீட்டு மேசையில் ஒரு காரீயக் கட்டி இருக்கிறது, சுரங்கத்தில் வேலை செய்த ஒருவர் தந்தது. பார்த்தால் இரும்பு, தூக்கினால் லேசு. தொட்டால் எண்ணெய் தடவியது போல வழுக்கும், விரலில் வெள்ளி மினுக்கம் ஒட்டும். அந்தக் காலத்தில் இதைத் தரம் பிரிப்பது பெரும்பாலும் பெண்களின் கை. பெருங்கட்டிக்கு ஒரு விலை, சில்லுக்கு ஒரு விலை, தூளுக்கு அதிலும் குறைவு. கடைசித் தரத்துக்குப் பறக்கும் தூள் என்றே பெயர், கேட்பாரற்ற விலை. பற்றரிக்காரர் தேடுவது கட்டியை அல்ல, நுண்ணிய தூளை. தந்தவரிடம் அதைச் சொன்னேன். கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தத் தூளைத்தான் தம்பி நாங்கள் நெஞ்சுக்குள்ளே கொண்டுபோனது."