வானொலி நின்ற கதையும் நம் குழுவும்

தகவல் தொடர்பு பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும், எங்கள் குழுவில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன்.

எங்க மாமனாருக்கு ராத்திரி ஒன்பதே கால் ஆனால் ரேடியோ வேண்டும். லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசை. அரை மணி நேரம் செய்தி, பேட்டி எல்லாம் வரும். சிற்றலை என்பதால் சில நாள் 'கொர்'ரென்று இரையும். ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி முருங்கை மரம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். பேட்டரிக் கட்டை தீர்ந்து போனால் வெயிலில் காய வைத்து மறுபடியும் போட்டுப் பார்ப்பார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த நேரம் டிவி சத்தம் கேட்கக் கூடாது என்பார். அப்புறம் பாத்திரம் விளக்கிக்கொண்டே நானும் கேட்க ஆரம்பித்தேன். டிவி என்றால் முன்னால் போய் உட்காரணும். ரேடியோவுக்குக் காது மட்டும் போதும், கை வேலை நிற்காது. 2009இல் இலங்கையில் போர் முடிகிற நேரம், எங்கள் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். செய்தி முடிகிற வரை ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த ஒலிபரப்பு 1941இல், இரண்டாம் உலகப் போர் நடந்த சமயத்தில் தொடங்கியதாம். தமிழோசை என்று பெயர் வைத்தவர் இலங்கையைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம். இதெல்லாம் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

76 வருஷம் ஓடிய அந்த வானொலி 2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிட்டது. முன்கூட்டியே சொல்லித்தான் நிறுத்தினார்கள். சிற்றலையில் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இனி இணையத்திலும் டிவியிலும் செய்தி தருவோம் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கு. எங்கள் ஊரிலேயே கடைசியில் கேட்டவர்கள் மூணு நாலு பேர்தான்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு மாமா ரேடியோவைப் போட்டார். இரைச்சல் மட்டும்தான் வந்தது. முள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தார். "நிறுத்திட்டாங்களே மாமா" என்றேன். "தெரியும்மா, சும்மா பார்க்கிறேன்" என்றார். ஒரு வாரம் அப்படித்தான் போட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் தன் போனில் செய்தியை எடுத்துக் கொடுத்தார். எழுத்துப் பொடியாக இருக்கு, கண் தெரியலை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "பெரிய போன் இருக்கிறவனுக்குத்தான் இனிமே சேதியா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி இரண்டு வருஷம் கழித்து என்னிடமே திரும்பி வந்தது.

அப்போது நான் எங்கள் குழுவுக்கு ஊக்குநர். கறவை மாட்டுக் கடனுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி கூட்டமைப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. நானும் குழு குரூப்பில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். எங்கள் குழுவில் 12 பேர். அதில் 7 பேரிடம்தான் அந்த போன் இருந்தது. கடைசி நாள் முடிந்து மூணு நாள் கழித்து ஒரு அக்கா வந்தாங்க. தனியாக இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவங்க. ஒரு மாசம்கூடச் சேமிப்பு பாக்கி வைத்ததில்லை. அவங்களிடம் இருந்தது பட்டன் போன். "எனக்கு யாருமே சொல்லலியேம்மா" என்றாங்க. "குரூப்பில போட்டேனே அக்கா" என்று என் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் மாமா கேட்டது நினைவுக்கு வந்தது. அந்த அக்கா அடுத்த கடனுக்கு எட்டு மாசம் காத்திருந்தாங்க. தப்பு என்னுடையதுதான். எங்கோ லண்டனில் நிறுத்தினார்கள் என்று வருத்தப்பட்ட நானே, பக்கத்துத் தெருவில் இருக்கிறவங்களை விட்டுவிட்டேன்.

அன்றைக்குத் தீர்மான நோட்டில் ஒன்று எழுதினோம். பெரிய போன் இல்லாத ஐந்து வீட்டுக்கும் ஆளுக்கு ஒருத்தர் பொறுப்பு. தகவல் வந்த அன்றே நேரில் போய்ச் சொல்லணும். யார் யாருக்குச் சொன்னது என்பதை அடுத்த கூட்டத்தில் முதலில் வாசித்துக் கையெழுத்து வாங்கணும். காசு செலவு எதுவும் இல்லை, நாலு எட்டு நடந்தால் போதும். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் யாருக்கும் தேதி தவறவில்லை.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இரண்டு. எந்தக் கடனானாலும் பயிற்சியானாலும், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே தகவல் கொடுங்க. எல்லாக் குழுவிலும் பெரிய போன் இல்லாதவர்கள் பெயரைத் தனியாக எழுதி வையுங்க. வாட்ஸ்அப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நாம் நினைக்கக் கூடாது.

மாமா இப்போதும் ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி கேட்கிறார். முருங்கை மரத்தில் அந்தக் கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது.