காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை
(மஹல்லா பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ரமளானில் தராவீஹ் தொழுகையின்போது ஒலிபெருக்கி திடீரெனக் கிறீச்சிட்டது. பின் ஸஃப்பில் நின்ற 7 வயதுச் சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். ஸலாம் கொடுத்ததும் நாம் அவன் தகப்பனாரிடம், "பிள்ளையை வீட்டில் விட்டு வரக்கூடாதா?" என்று கேட்டோம். அன்று முதல் அவ்விருவரையும் பள்ளியில் காணவில்லை. அவனுக்கு ஆட்டிசம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடே ஆட்டிசம். அதை ஜின் தீண்டல் என்று கருதித் தாயத்துக் கட்டிக் காலத்தைப் போக்குவது தகாது. தாயின் அன்புக் குறைவே காரணம் என்று மருத்துவர்களே ஒருகாலத்தில் பழி சுமத்தினர். அது தவறென்று தெளிவாகிவிட்டது. தடுப்பூசியோடு அதைத் தொடர்புபடுத்தி 1998இல் வெளிவந்த கட்டுரையை, வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் விலக்கிக்கொண்டது. (நம் தெருக்களில்தான் அவ்வதந்தி இன்னும் விலகவில்லை!)

"உன் பெயர் என்ன?" என்று உஸ்தாத் கேட்டால், "உன் பெயர் என்ன?" என்றே திருப்பிச் சொல்லும் பிள்ளை கேலி செய்யவில்லை. கேட்டதை அப்படியே ஒப்பிப்பது அப்பிள்ளைக்குக் கைவந்த பேச்சு. சூராக்களைப் பிழையின்றி ஓதுபவனுக்கும் தண்ணீர் கேட்கத் தெரியாதிருக்கலாம். நம் கையைப் பற்றி இழுத்துச் சென்று குவளையின் மேல் வைப்பான். அதுவும் புரியாது நாம் கையை உதறினால், அழுகையும் தலையை முட்டிக்கொள்வதும் தொடங்கும். பிரம்பினால் அச்சம் கூடுமேயன்றிச் சொல் பிறக்காது. படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கலாம். சுருங்கச் சொல்லி, விடைக்குச் சற்றுக் காத்திருக்கலாம்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, "இவன் வாப்பாவும் தாமதித்தே பேசினார்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அக்காளின் சம்பந்தம் தடைப்படும் என்று மறைப்போரும் நம்மிடையே உளர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. அரசுச் சான்றிதழ் பெறுவதில் வெட்கம் எதற்கு?

குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைக்கவும், வாசலருகே ஓரிடத்தை அப்பிள்ளைகளுக்கென ஒதுக்கவும் நிர்வாகம் இசைந்துள்ளது. வரும் ஜும்ஆவிற்கு முன் அத்தகப்பனாரின் வீட்டிற்கு நாமே சென்று, மன்னிப்புக் கேட்டு, இருவரையும் அழைத்து வருவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.