குடிலனின் அமைச்சு



இவ்விழாவின் தொடக்கத்தில் நாம் எழுந்து நின்று பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் பாயிரப் பகுதி. 1970இல் தமிழக அரசு அதனை ஏற்றது. 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. வாழ்த்து அனைவர்க்கும் மனப்பாடம். அதனைக் கடந்து நாடகத்திற்குள் நுழைந்தோர் எத்தனை பேர் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. உள்ளே நுழைந்தால் நம்மை எதிர்கொள்பவன் ஓர் அமைச்சன். அவன் பெயர் குடிலன். அவனுடைய அரசியல் வாழ்வைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறேன்.

அவன் அமைச்சனாக இருக்கும் நாடு ஒரு கற்பனை நாடு. பாண்டிய நாடு என்ற பெயர் இருக்கிறது, மதுரை இருக்கிறது, நெல்லை இருக்கிறது. ஆனால் ஜீவகன் என்றொரு வழுதியைப் பாண்டியர் வரலாற்றில் காணவியலாது. ஆசிரியரோ கல்வெட்டுகளை ஆராய்ந்தவர். திருஞானசம்பந்தர் காலத்தை வரையறுக்க முனைந்தவர். வரலாறு அறியாமல் அவர் இதைச் செய்யவில்லை. லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதையை எடுத்துக்கொண்டு, அதற்கொரு பாண்டிய நாட்டைப் படைத்துக்கொண்டார். உண்மை மன்னர் எவர்மீதும் பழி வாராமல் ஓர் அரசவை அழுகும் விதத்தைக் காட்ட இவ்வழி அவருக்குப் பயன்பட்டது என்பது என் கருத்து.

குடிலனை ஷேக்ஸ்பியரின் இயாகோவோடு ஒப்பிடுவது நம் திறனாய்வாளர் வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இயாகோ பதவி கிட்டாமற் போனவன். அவனிடம் ஒரு புண் இருக்கிறது. குடிலனுக்கு அரசனுக்கு அடுத்த இருக்கை ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. அவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி. அதில் அவன் ஏற நினைக்கிறான்.

அவனுடைய முதற்செயல் அரசனை மதுரையிலிருந்து பெயர்த்தது. பழந்தலைநகரில் தன் எண்ணம் ஈடேறாது என்று கண்டு, நெல்லையில் ஒரு கோட்டை கட்டுவித்து மன்னனை அங்கே குடியேற்றினான். நாம் இதை விரைந்து படித்துக் கடந்துவிடுகிறோம். மரபும் பழகிய முகங்களும் உள்ள ஊரில் ஓர் அரசனைத் தனிமைப்படுத்துவது கடினம். புதுக்கோட்டையிலோ, தன்னைச் சூழ்ந்திருப்பது அரணா சிறையா என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. ஜீவகன் அந்த மதில்களைப் பெருமையோடு சுந்தர முனிவருக்குக் காட்டுகிறான். முனிவர் வரும் கேட்டை உணர்ந்து, அரண்மனையிலிருந்து தம் ஆசிரமத்திற்கு ஒரு சுருங்கை, அதாவது நிலத்தடி வழி, மறைவாக அமைக்கிறார்.

அடுத்தது தூது. சேரன் புருடோத்தமனுக்கு மனோன்மணியை மணமுடிக்க எண்ணி, நடராசனைத் தூதனுப்பலாம் என்கிறார் முனிவர். குடிலன் அதை எதிர்க்கவில்லை. தூது போகட்டும் என்கிறான். ஆனால் போகிறவன் தன் மகன் பலதேவன். மணப்பேச்சோடு நாஞ்சில் நாட்டு உரிமைப் பேச்சும் சேர்கிறது. மணத்தூது போர்த்தூதாகிவிடுகிறது. எதிர்ப்பவனைக் காட்டிலும் இசைந்து திரிப்பவனிடம் அஞ்ச வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான காட்சியை நம் நாடக இலக்கியத்தில் நான் கண்டதில்லை.

பெண்களை அவன் கையாளும் விதத்தையும் சொல்லவேண்டும். முதலில் தன் மகனுக்கு வாணியை மணமுடிக்கும் பேச்சு நடக்கிறது. பொருளாசை கொண்ட அவள் தந்தை சகடர் இசைகிறார். நிலைமை மாறியதும் அதே மகனுக்கு அரசகுமாரி வேண்டும். தோற்றுக் கோட்டைக்குள் அடைபட்ட ஜீவகனிடமிருந்து அந்த இசைவையும் பெற்றுவிடுகிறான். தந்தையின் துயர் பொறாத மனோன்மணி உடன்படுகிறாள். வாணியை நடராசனுக்கே மணமுடிக்க வேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்ட வரம். குடிலனின் கணக்கில் இவ்விருவரும் மாற்றிக்கொள்ளத்தக்க இரு காய்கள். காய்களில் ஒன்று மற்றொன்றுக்காகப் பேசும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

இவ்வளவும் நடந்தது எதனால்? வாளால் அன்று, புகழ்ச்சியால். ஜீவகன் கேட்க விரும்புவதை, அவன் விரும்புமுன்னே, அழகிய அகவலில் குடிலன் சொல்லிவிடுகிறான். நாராயணன் ஒருவனே இடித்துக் கூறுகிறான். அதையும் குறிப்பாகவும் நகையாகவும் கூறவேண்டிய நிலை. முடிவில், மன்னனைக் காத்த அந்த நாராயணனே குற்றவாளியாக நிற்கிறான். அரசன் அறியாதவனாயினும், அறிந்தார் சொல்லை அழிப்பவனாயினும், உறுதி கூறுதல் உடனிருப்பவன் கடன் என்று ‘அமைச்சு’ அதிகாரத்தில் வள்ளுவர் விதித்தார். அக்கடனை ஆற்றியவன் அமைச்சன் அல்லன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாவலர்களாகிய உங்களிடம் சொல்வதற்காகவே ஒன்றை வைத்திருந்தேன். ஜீவகனின் அவையில் புலவருக்கென்று ஒரு பாத்திரம் இல்லை. சங்கம் வளர்த்த பாண்டியன் அவையில் இல்லை! வரலாற்றுப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் இருந்தார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறுநிலமும் யானைக்குப் பலநாள் உணவாகும். யானையே வயலுள் புகுந்தால் உண்பதைவிட மிதிபடுவதே மிகும் என்று வரி தண்டும் முறையை அவனுக்கு எடுத்துரைத்தார். புறநானூற்றின் 184ஆம் பாட்டு அது. வாயுறை வாழ்த்து என்றும் செவியறிவுறூஉ என்றும் பாடாண் திணையில் துறைகளையே வகுத்தவர்கள் நாம். முதலில் கசந்து பின்னர் நன்மை பயக்கும் சொல்லுக்கு இலக்கணத்தில் இடம் கொடுத்த மொழி இது.

ஜீவகனிடம் அந்த இருக்கை வெறுமையாக இருந்தது. குடிலன் அதிலும் அமர்ந்துகொண்டான். அமைச்சனே புகழ்பாடியுமானான். நம் கவியரங்க மேடைகளில் தலைமை தாங்குவோர்க்கு வரிக்கு வரி பொன்னாடை போர்த்துகிறோமே, அந்த அடிகளை ஒருமுறை குடிலன் வாயில் வைத்துப் படித்துப் பாருங்கள். பெரிதாக எதுவும் மாற்ற வேண்டியிராது. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று சிலர் கருதக்கூடும். பத்தாண்டு பழகிய வட்டத்தில் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது?

இனி அவன் வீழ்ச்சி. சுருங்கையின் மறைவு எப்படியோ குடிலனுக்குத் தெரிந்துவிடுகிறது. மணம் முடியும்வரை பொறுத்திருந்தால் அரசு மகன்வழி வந்தே சேரும். அவனால் பொறுக்க முடியவில்லை. சுருங்கை வழியே சேரன் பாசறைக்குச் சென்று, கோட்டையையும் மன்னனையும் காட்டிக்கொடுக்க விலைபேசுகிறான். ஜீவகனிடம் விலைபோன அதே சரக்கு. ஆனால் புருடோத்தமனுக்குப் புகழும் தேவைப்படவில்லை. வஞ்சத்தால் வரும் வெற்றியும் தேவைப்படவில்லை. அருவருத்து, அவனுக்கு விலங்கிட ஆணையிடுகிறான்.

மணமாலையோடு மனோன்மணி நிற்கும் மண்டபத்திற்கு அன்றிரவு சேரன் வந்து சேர்ந்தது முனிவர் அமைத்த அந்தச் சுருங்கை வழியாகத்தான். தன் அரசனின் அரண்மனைக்குள் குடிலன் இறுதியாக நுழைந்ததும் அவ்வழியாகவே. பகை மன்னனோடு, கையில் விலங்கோடு.