பட்டன் திரும்பி வந்தது, கியர் லீவர் போய்விட்டது

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கார்தான். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. அது இந்தியாவுக்கு வந்ததிலிருந்து உங்ககிட்டேருந்து வர்ற கேள்வி எல்லாம் ஒண்ணுதான்: “புது ஜிடிஐ நல்லா இருக்கா, இல்லை கெடுத்துட்டாங்களா?”

கார் பைத்தியம் பிடித்த நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். “இதுவரை வந்ததிலேயே இதுதான் பெஸ்ட்” என்பார் ஒருத்தர். “ஏழாம் தலைமுறையோட கதை முடிஞ்சு போச்சு” என்பார் அடுத்தவர். ரெண்டு பேரும் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசலை. ரெண்டு பேர்கிட்டயும் காரணம் இருக்கு. அந்தக் காரணங்களைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போறோம். இந்தச் சண்டையில் ரசிகர்கள் பாதி ஜெயிச்சிருக்காங்க, பாதி தோத்திருக்காங்க. ஏன் அப்படி ஆச்சு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ‘ஹாட் ஹேட்ச்’ என்றால் என்ன? காய்கறி வாங்கப் போகிற, குழந்தையை ஸ்கூலில் விடுகிற சாதாரண ஹேட்ச்பேக்கை எடுத்து, அதில் பெரிய இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக் எல்லாம் போட்டால் அது ஹாட் ஹேட்ச். வாரத்தில் ஆறு நாள் குடும்பக் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேற ஆள்.

கோல்ஃப் ஜிடிஐ 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் முதலில் வந்தது. அடுத்த வருஷம் விற்பனை. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. அவ்வளவுதான். சில இன்ஜினியர்கள் தங்கள் ஆசைக்காகத் தொடங்கிய வேலை அது. 5,000 கார் விற்றால் போதும் என்றுதான் கம்பெனி நினைத்தது. கடைசியில் முதல் தலைமுறை மட்டுமே 4,60,000-க்கும் மேல் விற்றது.

அந்த முதல் காரின் உள்ளே ரெண்டு விஷயம் இருந்தது. ஒன்று, கட்டம் போட்ட சீட் துணி. இன்னொன்று, கோல்ஃப் பந்து வடிவத்தில் ஒரு கியர் குமிழ். ரெண்டும் குன்ஹில்ட் லில்லியேக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. இந்தக் கோல்ஃப் பந்தை நினைவில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

“புது மாடல் பழைய மாதிரி இல்லையே” என்ற புலம்பல் இப்போ பிறந்தது இல்லை. 90-களின் மூன்றாம் தலைமுறையில் கார் பெருத்துவிட்டது, ஆனால் அடிப்படை ஜிடிஐ-யில் 115 குதிரைத்திறன்தான். ரசிகர்கள் நொந்து போனார்கள். நான்காம் தலைமுறையில் ஜிடிஐ வெறும் பேட்ஜ் ஆகிவிட்டது என்றார்கள். 2004-ல் ஐந்தாம் தலைமுறை 200 குதிரைத்திறன் டர்போ இன்ஜினோடு வந்த பிறகுதான் “அப்பாடா, வந்துட்டான்யா” என்று மூச்சு விட்டார்கள். அதனால் ரசிகர்கள் கோபப்படுவதை மட்டும் வைத்து ஒரு காரை எடை போட முடியாது. எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்று பார்க்கணும்.

இப்போ 2020-க்கு வருவோம். எட்டாம் தலைமுறை ஜிடிஐ. 245 குதிரைத்திறன். சாலையில் அது எப்படி ஓடுகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பிடித்து இழுக்கிற விதம், ஸ்டீயரிங்கின் துல்லியம், இதையெல்லாம் பெரும்பாலானவர்கள் பாராட்டினார்கள். சண்டை எல்லாம் காருக்கு உள்ளேதான்.

ஏசி வெப்பநிலையும் பாட்டுச் சத்தமும் மாற்ற, திரைக்குக் கீழே விரலால் தேய்க்கிற ஒரு பட்டை. அதற்கு வெளிச்சம் இல்லை. அதாவது, ராத்திரி இருட்டில் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கணும். ஸ்டீயரிங்கில் இருந்த பட்டன்களுக்குப் பதிலாகத் தொட்டால் அதிர்கிற வழவழப்பான தகடு. வேகமாக வளைவில் திருப்பும்போது உள்ளங்கை பட்டு, சத்தம் தானாக ஏறுகிறது. ஹெட்லைட் சுவிட்ச் கூடத் தொடுதிரை மாதிரிதான்.

இது ஏன் நடந்தது? பார்க்க நவீனமாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் செலவு. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி அச்சு, தனி வயர், தனி சோதனை. எல்லாத்தையும் ஒரே திரைக்குள் போட்டால் இதெல்லாம் மிச்சம். கார் கம்பெனிகள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. ஆனால் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது.

வாங்கியவர்கள் விடலை. 2022-ல் ஃபோக்ஸ்வாகன் பிராண்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்த தாமஸ் ஷேஃபர், ஸ்டீயரிங்கில் உண்மையான பட்டன்கள் திரும்ப வரும் என்று அந்த வருஷமே அறிவித்தார். அந்தத் தொடு கட்டுப்பாடுகள் பிராண்டுக்கு நிறையச் சேதம் செய்துவிட்டன என்று அடுத்த வருஷம் வெளிப்படையாகவே பேசினார். ஒரு பெரிய கம்பெனித் தலைவர் இப்படிப் பேசுவது அபூர்வம்.

2024 ஜனவரியில் திருத்திய மாடல் வந்தது. ரசிகர்கள் இதை ‘எட்டரை’ என்று கூப்பிடுகிறார்கள். குதிரைத்திறன் 245-லிருந்து 265 ஆச்சு. 100 கிலோமீட்டர் வேகத்தை 5.9 நொடியில் தொடுகிறது. ஸ்டீயரிங்கில் அழுத்தினால் ‘டக்’ என்று உணர்கிற பட்டன்கள் வந்தாச்சு. அந்தத் தேய்க்கிற பட்டை அப்படியே இருக்கு, ஆனால் இப்போ விளக்கு எரிகிறது. முழு வெற்றி இல்லை, முக்கால் வெற்றி.

கூடவே இன்னொன்றும் நடந்தது. மேனுவல் கியர் போய்விட்டது. உலகம் முழுக்க இனி ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அமெரிக்காவில் 2024 மாடல் வருஷத்தோடு மேனுவல் கடைசி. கோல்ஃப் பந்தை நினைவில் வச்சுக்கச் சொன்னேனே, அது உட்கார கியர் லீவரே இல்லை. இப்போ அந்த இடத்தில் இருப்பது கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டி சுவிட்ச்.

இங்கேதான் கூட்டம் ரெண்டாகப் பிரியுது. ஒரு பக்கம் சொல்கிறது: “டிஎஸ்ஜி மனிதக் காலைவிட வேகமாக கியர் மாத்துது. டிராஃபிக்கில் முட்டி வலிக்காது. 265 குதிரைத்திறனை முழுசாகப் பயன்படுத்த இதுதான் சரி.” இன்னொரு பக்கம் சொல்கிறது: “வேகம்தான் வேணும்னா எலெக்ட்ரிக் கார் வாங்கிட்டுப் போறேன். ஜிடிஐ வாங்குறதே என் கைக்கும் காலுக்கும் வேலை வேணும்னுதான்.”

ரெண்டுமே நியாயமாகத்தான் படுது. ஆனால் பட்டன் புகாரும் கியர் புகாரும் ஒரே வகைப் புகார் இல்லை.

பட்டன் புகார் பாதுகாப்பைப் பற்றியது. 2022-ல் ஸ்வீடனின் ‘வி பிலேகாரே’ என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே, சீட் ஹீட்டர் போடுவது, ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யணும். ஓட்டுநர்கள் அந்தந்தக் காரை முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பட்டன்கள் நிறைந்த 2005 வோல்வோ வி70-யில் எல்லாம் முடிய 10 நொடி. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. கடைசியில் வந்த புத்தம்புது தொடுதிரைக் காரில் 44.9 நொடி. அதற்குள் கார் போன தூரம் 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல், கவனம் பாதி திரையில்! நம்ம ஈசிஆரில் எதிர்ப்பக்கம் வர்ற பைக்கையும் குறுக்கே ஓடுற நாயையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பும் இதைக் கவனித்தது. 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டும் என்றால் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு, இந்த ஐந்துக்கும் கையால் தொட்டு உணர்கிற தனிக் கட்டுப்பாடு இருக்கணும் என்று விதி கொண்டுவந்தது. இப்படி அளந்து காட்ட முடிகிற புகாரை எந்தக் கம்பெனியும் ரொம்ப நாள் தட்டிக்கழிக்க முடியாது.

மேனுவல் புகார் அப்படி இல்லை. அது ஆசையைப் பற்றியது. எந்த ஸ்டாப்வாட்சும் அதற்குச் சாட்சி சொல்லாது. எதிர்ப்பக்கத்தில் ஐரோப்பாவின் மாசு விதிகள் இருக்கு. மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று ரெண்டையும் தனித்தனியாகச் சோதித்துச் சான்று வாங்கப் பணம் ஆகும். வாங்குகிறவர் எண்ணிக்கை குறைவு என்றால் கணக்கு உடனே “வேண்டாம்” என்று சொல்லிவிடும்.

“விதிதான் காரணம்னா ஹோண்டா எப்படிக் கொடுத்தாங்க?” என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. 2022-ல் வந்த சிவிக் டைப் ஆர் மேனுவலில் மட்டும்தான் வந்தது. டொயோட்டா ஜிஆர் யாரிஸை 2024-ல் திருத்தியபோது ஆட்டோமேட்டிக்கைச் சேர்த்தார்கள், மேனுவலை எடுக்கவில்லை. அப்போ, மனசு இருந்தால் மார்க்கம் இருக்கு. ஆனால் கதையின் மறுபாதியும் இருக்கு. அதே டைப் ஆர், மாசு விதிகளைக் காரணம் காட்டி ஐரோப்பாவிலிருந்து விடைபெற்றது. மேனுவலோடு போராடிய கார் கடையிலேயே இல்லை. மேனுவலை விட்டுக்கொடுத்த ஜிடிஐ இன்னும் கடையில் இருக்கு, 50-வது ஆண்டுக்காக 325 குதிரைத்திறனில் ஒரு எடிஷனும் வந்திருக்கு. எது நல்லது? பாதி ஜிடிஐ-யா, இல்லாத டைப் ஆரா? என்னைக் கேட்டால் நான் பாதியை எடுத்துக்குவேன், முணுமுணுத்துக்கிட்டே.

“முதல் ஜிடிஐ மாதிரி லேசா இல்லை” என்கிற புகாருக்கும் ஒரு கணக்கு போட்டுடலாம். 810 கிலோவுக்கு 110 குதிரைத்திறன் என்றால் ஒரு டன்னுக்குச் சுமார் 136. இன்றைய கார் சுமார் 1,460 கிலோ, 265 குதிரைத்திறன். ஒரு டன்னுக்குச் சுமார் 181. எண்ணில் பார்த்தால் புதுசு வலுவாத்தான் இருக்கு. ஆனால் எடை என்பது நேர்கோட்டு வேகம் மட்டும் இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் அந்த 650 கிலோவும் கூடவே வரும். பழைய ஜிடிஐ ரசிகர்கள் தேடுவது அந்த லேசான உணர்வைத்தான். அதைக் குதிரைத்திறனால் ஈடுகட்ட முடியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2016-ல் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவுக்கு போலோ ஜிடிஐ கொண்டுவந்தது. மூன்று கதவு, 192 குதிரைத்திறன், மொத்தமே 99 கார். விலை சுமார் 26 லட்சம். அப்போ எல்லாரும் “ஆகா, ஆகா” என்றார்கள். வாங்க ஆள் வரிசையில் நிற்கவில்லை. அடுத்த வருஷம் விலையைச் சுமார் 20 லட்சத்துக்கு இறக்கினார்கள். 2025 மே மாதம் கோல்ஃப் ஜிடிஐ வந்தது. அப்போ ஷோரூம் விலையே கிட்டத்தட்ட 53 லட்சம். முதல் தவணையாக வந்த 150 காரும் சட்டென்று முடிந்தது. ஒன்பது வருஷத்தில் இங்கே ஒரு கூட்டம் உருவாகியிருக்கு. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கிலும் போலோ கப் பார்த்து வளர்ந்த பசங்களும் அதில் இருப்பாங்க.

அந்த விலை நம்மில் பலருக்கு எட்டாத தூரம், தெரியும். அதனால் எட்டுகிற தூரத்தில் ஒரு உதாரணம். ஹூண்டாய் ஐ20 என் லைன் முழு ஹாட் ஹேட்ச் இல்லை, 120 குதிரைத்திறன்தான். முதலில் அதில் கிளட்ச் பெடல் இல்லாத ‘ஐஎம்டி’ கியர் கொடுத்தார்கள். 2023-ல் அதை எடுத்துவிட்டு, மூன்று பெடலோடு ஆறு ஸ்பீடு மேனுவல் கொடுத்தார்கள். உலகம் ஒரு திசையில் போகும்போது நம்ம சந்தையில் எதிர்த்திசையிலும் ஒரு கார் வந்தது. ஆசையும் சில சமயம் ஜெயிக்கும். ஆனால் அது நிலைக்கணும்னா அந்த வேரியண்ட்டை யாராவது போய் புக் பண்ணணும்.

அதனால் நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒன்று, புகார் சொல்லும்போது குறிப்பாகச் சொல்லுங்க. “ஃபீல் இல்லை ப்ரோ” என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. “ராத்திரியில ஏசி பட்டை தெரியலை, திருப்பும்போது கை பட்டுச் சத்தம் ஏறுது” என்றால் அது டீலரிடமிருந்து இன்ஜினியர் வரைக்கும் போகும். ஜிடிஐ-யில் பட்டன் திரும்பி வந்தது அப்படித்தான்.

ரெண்டாவது, டெஸ்ட் டிரைவ் போகும்போது ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதிச்சுப் பார்த்துட்டு வந்துடாதீங்க. காரை நிறுத்தி வச்சு, சாலையை நேராகப் பார்த்துக்கிட்டே, குனியாமல் ஏசியை ரெண்டு டிகிரி குறைச்சுப் பாருங்க. பாட்டை நிறுத்திப் பாருங்க. கண்ணாடிப் பனியைப் போக்குற பட்டனைத் தேடுங்க. முடிஞ்சா சாயங்காலம் இருட்டின பிறகு ஒருமுறை. அந்தக் காரோடு ஏழெட்டு வருஷம் குடும்பம் நடத்தப் போறது நீங்கதான்.

மேனுவல் பிடிக்கும் என்றால் மேனுவலை வாங்குங்க. டிஎஸ்ஜி பிடிக்கும் என்றால் கூச்சப்படாமல் அதை வாங்குங்க. “நான் மேனுவல் ஆளுதான், ஆனா வாங்கினது ஆட்டோமேட்டிக்” என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்காங்க. கம்பெனி கேட்பது நம்ம பேச்சை இல்லை, நம்ம பில்லைத்தான்.

உங்க கருத்து வேறயா இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் சில கருத்துகளைப் படிக்கிறேன். அதுவரை சீட் பெல்ட் போட்டு ஓட்டுங்க.